கணுக்காலிலும் பிரஷர் பார்த்தோம்

தோட்டத்துக் கிளினிக்கில் வேலை பார்ப்பவருக்கு மருந்து தெரிந்தால் மட்டும் போதாது, பொய்யும் தெரிய வேண்டும். “ஒண்ணுமில்ல மிஸ்ஸி, லேசாத்தான் வலிக்குது” என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னால், அது லேசு இல்லை என்று அந்த இடத்திலேயே புரிந்துவிட வேண்டும்.

மிஸ்ஸி என்பது நான்தான். நம் நாட்டில் நர்ஸ் வேலை பார்க்கிற பெண்ணுக்கு அப்பா அம்மா என்ன பெயர் வைத்திருந்தாலும் இதுதான் பெயர். கேமரன் மலையில் ரிங்லெட்டைத் தாண்டி மேலே ஏறினால் வருகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்து வீடுகளுக்கு மேலே மேட்டில் இருக்கிறது என் கிளினிக். வாரத்துக்கு ஒரு நாள் தானா ராத்தாவிலிருந்து டாக்டர் வருவார். மற்ற நாளெல்லாம் நானும், ஒரு கட்டிலும், ஒரு பிரஷர் மெஷினும்தான். எங்கேயோ ஒரு கிளினிக்கில் உட்கார்ந்து, கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்து, “உப்பைக் குறைங்க, சிகரெட்டை விடுங்க” என்று சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்துபோனவர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவீர்கள். தாராளமாக விடுங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நின்றுகொண்டே உறுமிய லோரி

எல்லாம் மணியத்திலிருந்து ஆரம்பித்தது. மணியம் எங்கள் தோட்டத்துக் கொழுந்து லோரி டிரைவர். ஐம்பதைத் தாண்டியவர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவ்வளவு கட்டுமஸ்தான ஆள். கிளினிக்குக்கு வருவதென்றால் பிள்ளைகளுக்கு இருமல் மருந்து வாங்கத்தான் வருவார். “உங்களுக்கும் ஒருவாட்டி பார்த்துடலாம் உட்காருங்க” என்றால், “லோரி நிக்குது மிஸ்ஸி” என்று ஓடிவிடுவார். அன்று காலை ஃபேக்டரி கேட்டுக்கு முன்னால் உண்மையாகவே லோரி நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஆள் ஸ்டீரிங் மேல் சாய்ந்து கிடந்தார்.

அந்த வழியாக ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த மேனேஜர்தான் கதவைத் திறந்தாராம். மேனேஜர் தேவராஜ் தமிழர்தான். இருந்தாலும் தோட்டத்து மேனேஜர் யாராக இருந்தாலும் எங்கள் ஆட்களுக்கு ‘துரை’தான். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது துரை சரளைக்கல்லில் முட்டி போட்டு, மணியத்தின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தார். ஆம்புலன்ஸ் வருகிறவரைக்கும் நான் நெஞ்சை அமுக்கினேன். கை ஓய்ந்தபோது துரையும் அமுக்கினார். ஒன்றும் பலிக்கவில்லை, ஆள் போய்விட்டார். இதய ரத்தக்குழாய் அடைப்பு.

காரியமெல்லாம் முடிந்த அடுத்த வாரம் துரை கிளினிக்குக்கு வந்தார். வழக்கமாக வாசலில் நின்றே பேசிவிட்டுப் போகிறவர், அன்று உள்ளே வந்து நோயாளிகள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்தார். மேலிடத்தில் சண்டை போட்டு, ஆட்களுக்கு டெஸ்ட் எடுக்கக் கொஞ்சம் பணம் வாங்கியிருந்தார். எந்த டெஸ்ட் என்பதை நானும் டாக்டரும்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். எழுந்து போகும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: “இன்னொரு ஆளை நான் அப்படி மடியில வச்சிருக்கக் கூடாது மிஸ்ஸி. எது வேணுமோ சொல்லுங்க.”

கலர் படம்

பணம் இருக்கிறது என்ற செய்தி மலையைவிட்டு இறங்கி ஈப்போ நகரம்வரைக்கும் போய்விட்டது. ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்திலிருந்து கவிதா என்ற பெண் லேப்டாப்பும் கையுமாக வந்தாள். வளைவுப் பாதையில் வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தது. இஞ்சி டீ போட்டுக் கொடுத்த பிறகுதான் பேச்சே வந்தது. பேச ஆரம்பித்தாள் பாருங்கள், அருமையான பேச்சு! இதயத்தை ஸ்கேன் எடுத்துச் சிவப்பும் மஞ்சளுமாகத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். எந்தக் குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் வெள்ளையாகத் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் மயங்கிவிட்டேன்.

டாக்டர் சபீனா மயங்கவில்லை. தானா ராத்தாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறவரின் மகள் அவர். எதைப் பார்த்தாலும் இது எத்தனை பேருக்குக் காணும் என்றுதான் முதலில் கேட்பார். அதையேதான் கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஆபீஸ் ஆட்களும் வேலையை மேற்பார்க்கிற நாலைந்து மண்டோர்களும் போய்வந்ததும் பணம் தீர்ந்துவிடும். மலையில் கொழுந்து வெட்டுகிறவர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

 கவிதா லேப்டாப்பை மூடினாள். தன் அப்பாவும் கம்போங் ராஜா பக்கத்தில் ஒரு தோட்டத்தில்தான் வேலை செய்கிறார் என்றாள். அடுத்து அவள் சொன்னதை, விற்க வந்த வேறு ஒருத்தி சொல்லி நான் கேட்டதே இல்லை. அவள் முதலாளி இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். “தேவைப்படுற ஆளுக்கு இந்த ஸ்கேன் ரொம்ப நல்லது டாக்டர். ஆனா யாருக்குத் தேவைன்னு முதல்ல நீங்க சலிச்சு எடுத்துடுங்க. எங்கப்பாவா இருந்தா நான் அதைத்தான் கேட்பேன்.”

கட்டிலில் நான்

சலிக்கிற சல்லடை எது என்பதுதான் கேள்வி. படுக்கவைத்து ஈசிஜி எடுக்கலாம். ஆனால் குழாய் பாதி அடைத்திருந்தாலும், சும்மா படுத்திருக்கும்போது ஈசிஜி நல்லபிள்ளையாகவே காட்டலாம் என்றார் டாக்டர். கழுத்துக் குழாயைப் பார்க்கிற ஸ்கேன் வண்டியை மேலே வரவழைக்கலாம். அதற்கு ஒவ்வொரு தடவையும் மெஷினும் வர வேண்டும், பார்க்கத் தெரிந்தவரும் வர வேண்டும். அடுத்த புதன்கிழமை டாக்டர் தன் கைப்பையிலிருந்து பேனாவைவிடக் கொஞ்சம் தடிமனான ஒரு கருவியை எடுத்தார். ஒயரில் ஒரு சின்ன ஸ்பீக்கர் தொங்கியது. “படுங்கக்கா” என்றார். இத்தனை வருஷத்தில் நான் அந்தக் கட்டிலில் படுத்ததே இல்லை.

முதலில் இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தார். பிறகு அதே பட்டையைக் கணுக்காலுக்கு மேலே கட்டி, பாதத்தில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, பேனாவை வைத்தார். ‘வ்ஷ்... வ்ஷ்...’ என்று ஒரு சத்தம். என் ரத்தம் ஓடுகிற சத்தம்! காற்றடித்ததும் அடங்கியது. காற்றை இறக்க இறக்க ஓர் இடத்தில் மறுபடியும் கேட்டது. அந்த இடம்தான் கணுக்காலின் பிரஷர். படுத்திருக்கும்போது அது கையில் இருப்பதைவிடக் குறையக் கூடாது. பத்தில் ஒன்பது பங்குக்கும் கீழே போனால், காலுக்குப் போகிற குழாய் எங்கேயோ குறுகியிருக்கிறது என்று அர்த்தம். கால் குழாயில் படிகிற கொழுப்பு இதயத்தையும் மூளையையும் மட்டும் விட்டுவைக்குமா? அந்த ஆளைத்தான் பெரிய டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும்.

காலில் எல்லாம் சரியாக இருந்தால் இதயத்துக்குக் கேரண்டி என்று நினைத்துவிடக் கூடாது என்பதையும் டாக்டரே சொன்னார். அதனால் சர்க்கரை, கொழுப்பு, புகை, குடும்பத்தில் யாருக்காவது மாரடைப்பு வந்திருக்கிறதா என்று கேட்பது எல்லாம் கூடவே நடக்கும். எல்லாரையும் படுக்கவைக்க வேண்டியதில்லை. ஐம்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், புகைக்கிறவர்கள், நடந்தால் கால் வலிக்கிறவர்கள் போதும். “மெஷின் இங்கேயே இருக்கும், பார்க்கிறது நீங்க. அடுத்த வருஷமும் பார்க்கலாம்” என்றார். எனக்குப் பயமாக இருந்தது. கலர் படம் இன்னும் கண்ணிலேயே நின்றது. அதை எப்படித்தான் கண்டுபிடித்தாரோ, ஜெல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நல்ல டெஸ்ட்டுன்னா தேவைப்படுற எல்லாருக்கும் போய்ச் சேரணும்க்கா, கண்டுபிடிச்ச பிறகு நம்மால ஏதாவது செய்யவும் முடியணும். இல்லன்னா அது வெறும் போட்டோ.”

மலிவானது யாருக்கு?

விஷயத்தைச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூட்டம் போட்டோம். டாக்டர் பேசி முடித்ததும் தொழிற்சங்கத் தலைவர் பெருமாள் எழுந்தார். கத்தமாட்டார், நிதானமாகப் பேசியே ஆளை உட்காரவைத்துவிடுவார். மணியம் செத்தது நெஞ்சு நோயில், நீங்கள் காலைப் பார்க்கிறேன் என்கிறீர்களே என்று ஆரம்பித்தார். பெரிய ஸ்கேன் இருக்கிறது என்று கேள்விப்பட்டோம், அது எங்களுக்கு ஏன் இல்லை? தோட்டத்து ஆள் என்றாலே மலிவானதுதானா? கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. அவர் கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை. 

டாக்டர் கோபப்படவில்லை. பெரிய ஸ்கேனுக்குப் பணத்தில் பாதியை ஒதுக்கி வைத்திருக்கிறோம், இந்த டெஸ்ட்டில் யாருக்குக் குறை தெரிகிறதோ அவர்கள் போவார்கள், ஆபீஸ் ஆள் மலை ஆள் என்ற பேதமே கிடையாது என்றார். பெருமாள் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து லெட்சுமி எழுந்தாள். மணியத்தின் மனைவி. கொழுந்து வெட்டுகிறவள். புருஷன் போனதிலிருந்து அவள் குரலை யாரும் கேட்டிருக்கவில்லை. 

“எங்க வீட்டுக்காரருக்கு விலை உசந்ததும் செய்யல, மலிவானதும் செய்யலண்ணே. அவரு இருந்தப்ப நாமளும் கேக்கல. மிஸ்ஸி, நாளைக்கு முதல்ல என் காலைப் பாருங்க.”

முதல் ஆள்

சொன்னபடியே மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்தாள். காலைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். மலையில் பூட்ஸ் போட்டே ஊறிப்போன பாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதை இன்னொருத்தர் கையில் கொடுக்க எவ்வளவு கூச்சப்பட்டிருப்பாள்!  பேனாவை இங்கே வைத்து, அங்கே வைத்து, கடைசியில் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் சத்தம் கிடைத்தது. சீரான, பலமான சத்தம். கையைவிடக் காலில் பிரஷர் நன்றாகவே இருந்தது. சர்க்கரை இல்லை, கொழுப்பும் பரவாயில்லை. “உனக்கு ஒண்ணுமில்ல லெட்சுமி” என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைப் போடச் சொன்னாள். போட்டேன். கூரையைப் பார்த்தபடி படுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். “எனக்கு நல்லா ஓடுதுன்னா சந்தோஷம்தான் மிஸ்ஸி. இந்தச் சத்தத்தை அவருக்கும் ஒருவாட்டி கேட்டிருக்கலாம்.”

சம்பளத்தோடு படுக்கை

லெட்சுமி வந்துபோன பிறகு வராமல் இருக்க யாருக்கும் மனம் வரவில்லை. டெஸ்ட்டுக்கு வருகிற நேரத்துக்கும் சம்பளம் உண்டு என்று அறிவித்த துரையும் வந்தார். ஷூவைக் கழற்றினால் காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. (நான் சொல்லவில்லை. வரிசையில் காத்திருந்தவர்கள் சொன்னார்கள்.)

இந்த டெஸ்ட்டில் ஒரு நிபந்தனை உண்டு. மேட்டில் ஏறி வந்த மூச்சோடு பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரம் பேசாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இதுதான் பெரிய தண்டனை. கையைக் காலை ஆட்டாமல் இருக்கத் தெரியாது. ஜன்னல் வழியாக யார் போனாலும் எழுந்து எட்டிப் பார்ப்பார்கள். அதிலும் பாக்கியம்! மலையில் கொழுந்து வெட்டுகிற கூட்டத்துக்கு அவள்தான் மண்டோர். அவள் ஒரு குரல் கொடுத்தால் அடுத்த மலையில் வெட்டுகிறவனும் குனிந்து வேலை பார்ப்பான். அவளை வாயைத் திறக்காமல் படுக்கவைத்தது என் உத்தியோகத்தில் ஒரு சாதனை. டெஸ்ட் முடிந்து எல்லாம் சரி என்று சொன்னபோதும் கண்ணை மூடிக்கொண்டே கிடந்தாள். தூங்கிவிட்டாளோ என்று தொட்டுப் பார்த்தேன்.

“எழுப்பாதீங்க மிஸ்ஸி. இத்தனை வருஷத்துல சம்பளத்தோட படுத்தது இன்னைக்குத்தான்லா.”

பூட்ஸில் விழுந்த கல்

பாக்கியத்தின் புருஷன் ஆறுமுகமும் அவள் கூட்டத்தில்தான் வேலை செய்கிறார். வெட்டிய கொழுந்தை மூட்டையாகக் கட்டிச் சரிவிலிருந்து லோரிப் பாதைக்குத் தூக்கிவருகிற வேலை. பீடியும் சிகரெட்டும் மாற்றி மாற்றி இழுப்பார். கொஞ்ச நாளாக அவருக்கு ஒரு பழக்கம். பாதி மலை ஏறியதும் மூட்டையை இறக்கி வைத்து, ரப்பர் பூட்ஸைக் கழற்றித் தலைகீழாகத் தட்டுவார். கேட்டால் கல் விழுந்துவிட்டது என்பார். தட்டிப் போட்டுக்கொண்டு ஏறுவார். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் கல். “கேமரன் மலையில இருக்கிற கல்லெல்லாம் உன் பூட்ஸ்லதான் வந்து விழுமா?” என்று பாக்கியம் மேலேயிருந்து கத்துவதைக் கிளினிக்கில் இருந்தே கேட்டிருக்கிறேன்.

அவரைப் படுக்கவைத்துப் பார்த்தேன். கையில் நூற்றைம்பது. வலது கால் பரவாயில்லை. இடது கணுக்காலில் சத்தமே மெலிந்து, தூரத்தில் யாரோ பெருமூச்சு விடுவதுபோல இருந்தது. தொண்ணூறுகூட இல்லை. நான்தான் தப்பாகப் பார்க்கிறேன் என்று மறுபடியும் பார்த்தேன், அதே அளவு. “அண்ணே, உண்மையச் சொல்லுங்க. பூட்ஸ்ல கல்லு விழுந்துச்சா?” என்று கேட்டேன். இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஏறும்போது கெண்டைக்காலைக் கயிறு போட்டு முறுக்குவதுபோல வலிக்குமாம், நின்றால் விட்டுவிடுமாம். வலி என்று சொன்னால் மூட்டை தூக்குகிற வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள், ஆம்பளை வலிக்குது என்று உட்காரலாமா என்று நினைத்திருக்கிறார். இது காலுக்கு ரத்தம் பற்றாமல் வருகிற வலி.

பாக்கியம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கூப்பிட்டு விவரம் சொன்னேன்.  அவள் கீழே உட்கார்ந்து, புருஷன் பாதத்தில் ஒட்டியிருந்த ஜெல்லைத் தன் முந்தானையால் துடைத்தாள். “வீட்டுலயும் சோம்பேறின்னு ஏசுனேன், மலையிலயும் ஏசுனேன். இனி ஏசுறதுக்கு நான் வேற ஆள் தேடணும் மிஸ்ஸி.”

அளவுக்கு மிஞ்சிய மார்க்

எங்கள் ஆட்களில் பெருமாள் கடைசியாகத்தான் வந்தார். கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவர் எப்படி முன்னால் வருவார்? அவருக்குச் சர்க்கரை வந்து ரொம்ப வருஷமாகிறது. கணுக்காலில் பட்டையைக் கட்டிக் காற்றடித்தேன். சத்தம் அடங்கவில்லை. இன்னும் அடித்தேன். மெஷினில் எண் ஏறிக்கொண்டே போகிறது, சத்தம் மட்டும் ‘டப்... டப்...’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. குறைந்தால்தானே ஆபத்து, இவருக்கு ஏகப்பட்டது இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம். “தலைவரே, தோட்டத்துலயே உங்க காலுதான் முதலிடம்!” என்றேன். அவரும் மீசையைத் தடவிக்கொண்டார்.

அன்று புதன்கிழமை, டாக்டர் பக்கத்து அறையில் இருந்தார். வந்து எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ரொம்ப நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில சமயம் குழாயின் சுவரே இறுகிக் கெட்டியாகிவிடும், பட்டை எவ்வளவு அமுக்கினாலும் அமுங்காது, அதனால் எண் பொய் சொல்லும் என்றார். இந்த இடத்தில் நம் டெஸ்ட் தோற்றுவிட்டது, இவருக்குக் கால்விரலில் பிரஷர் எடுத்துப் பார்க்கிற டெஸ்ட் வேண்டும், இதயத்தையும் பார்க்க வேண்டும், ஈப்போவுக்கு அனுப்புவோம் என்றார். தன் டெஸ்ட் தோற்கிற இடத்தைத் தானே விரல் வைத்துக் காட்டுகிற டாக்டரை நான் அன்றுதான் பார்த்தேன். ஒதுக்கி வைத்த பணம் அதற்குத்தான். மலிவானது எங்களுக்கா என்று கேட்டவர் பெயரைத்தான் டாக்டர் பெரிய டெஸ்ட்டுக்கு முதலில் எழுதினார், இரண்டாவது ஆறுமுகம்.

பெருமாள் எழுந்து உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டார். பயந்திருப்பார், ஆனால் காட்டுகிற ஆள் இல்லை. “பள்ளிக்கூடத்துல நான் ஒருநாளும் இவ்வளவு மார்க் வாங்கினதில்ல டாக்டர். வாங்கின அன்னைக்கே செல்லாதுங்கிறீங்க.”

ரஃபிக்கின் போன்

எங்கள் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் இப்போது வங்காளதேசம், நேபாளத்துக்காரர்கள். ரஃபிக் வந்து பல வருஷமாகிறது. மலையில் நம் பெண்களோடு சேர்ந்து வேலை செய்தே தமிழ் கற்றுக்கொண்டவர். பாக்கியத்திடம் கற்றுக்கொண்டதால் பேச்சில் பாதி வசவாக இருக்கும், பொருள் தெரியாமலே பேசுவார். ஐம்பதாகவில்லை, ஆனால் சிகரெட் உண்டு, முட்டிவலியும் உண்டு. ஊரில் அவருடைய அண்ணன் போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டாராம். அதிலிருந்து அம்மா தினமும் போன் செய்து, உனக்கு நெஞ்சு வலிக்கிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்று அழுகிறாராம்.

அவரையும் படுக்கவைத்துப் பார்த்தேன். இரண்டு காலும் நன்றாக இருந்தன. பிரஷரும் கொழுப்பும் சரி. முட்டிவலி முட்டியில்தான், குழாயில் இல்லை. சிகரெட்டை விடச் சொன்னேன், வழக்கம்போலத் தலையாட்டினார். பிறகு கூச்சத்தோடு போனை எடுத்து ஊருக்கு அழைத்து, அந்தச் சின்ன ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தார். அறையில் ‘வ்ஷ்... வ்ஷ்...’ என்ற சத்தம். போனில் அந்தப் பக்கம் ஒரு வயதான அம்மாவின் விம்மல். அவர்கள் பாஷை எனக்குப் புரியாது; புரியவும் தேவையில்லை. நான் பேனாவை எடுக்கப் போனேன். ரஃபிக் என் கையைத் தடுத்தார்.

“மிஸ்ஸி, இன்னொருவாட்டி வைங்க. அம்மா அழுதுட்டு இருந்துச்சு, சரியா கேக்கலயாம்.”

மேட்டுக்கு வந்தவர்

ஈப்போவில் ஆறுமுகத்தின் இதயத்தையும் பார்த்தார்கள். பெரிய குழாய் ஒன்றில் பெரிய அடைப்பு. நெஞ்சில் ஒரு வலியும் இல்லாமலே மூட்டை தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார்! ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். பெருமாளுக்கு இதயத்தில் பெரிதாக ஒன்றுமில்லை, காலில் ரத்த ஓட்டம் குறைவுதான். புண் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, மாத்திரை கொடுத்தார்கள். இப்போது அவர் கூட்டத்துக்குக் கூட்டம் எல்லாரையும் கால் கழுவச் சொல்லிப் பிரசங்கம் செய்கிறார். ஆறுமுகத்துக்குத் துரை ஃபேக்டரிக்குள் லேசான வேலை போட்டுக் கொடுத்தார். இன்னொரு டிரைவர் வந்து மணியத்தின் லோரியை ஓட்டுகிறார். அவர் மாதம் தவறாமல் கிளினிக்குக்கு வருகிறார், இருமல் மருந்துக்கு அல்ல.

டாக்டர் ஆறுமுகத்துக்குக் கொடுத்த மருந்துகளிலேயே கசப்பானது நடை. வலிக்கிறவரைக்கும் நடக்க வேண்டும், வலித்தால் நிற்க வேண்டும், விட்டதும் மறுபடியும் நடக்க வேண்டும். அப்படி நடக்க நடக்கத்தான் கால் பழகுமாம். சாயங்காலமானால் பாக்கியம் அவரை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். சிகரெட் பெட்டியை அவள் எங்கே எறிந்தாளோ, யாருக்கும் தெரியாது, ஆறுமுகம் கேட்கவும் துணியவில்லை. முதலில் லயத்துக் கோடியிலேயே நின்றுவிட்டார். பிறகு கோயில்வரை போனார். மாத்திரை வாங்கக் கிளினிக்குக்கு வருவதென்றால் மட்டும் யாருடைய மோட்டார் சைக்கிளிலாவது தொத்திக்கொண்டுதான் வருவார். எங்கள் மேடு அப்படிப்பட்ட மேடு.

போன மாதம் ஒருநாள் மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், ஆறுமுகம் நடந்து ஏறி வருகிறார். நடுவில் நிற்பார், நிற்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நிற்கவில்லை. மெதுவாக, தலையைக் குனிந்துகொண்டு, ஒரே சீராக ஏறி வந்தார். நான் வாசலுக்கே ஓடிவிட்டேன். இத்தனை வருஷம் எத்தனையோ பேர் அந்த மேட்டில் ஏறி வந்திருக்கிறார்கள். ஒருவருக்காகவும் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றதில்லை. எதிரே வந்து நின்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலச் சொன்னார்: “கொஞ்சம் தண்ணி குடுங்க மிஸ்ஸி. எனக்கில்ல, பாக்கியத்துக்கு. பாதி மேட்டுலயே உட்கார்ந்துட்டா.”

உத்தியோகத்தில் மேலே வரவேண்டுமென்றால் நாலு பேர் காலைப் பிடிக்க வேண்டும் என்பார்கள். நான் தோட்டத்தில் பாதிப்பேர் காலைப் பிடித்துவிட்டேன், மேலே வந்தது என்னவோ ஆறுமுகம்தான்.